சுவர்க் கடிகாரத்தில் இதயத்தின் அச்சு

"மிஸ்ஸி, அம்மாவோட நெஞ்சு இடது பக்கம் சாஞ்சு போச்சா?"

மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தங்கச்சி நான்காக மடித்த தாளை என் முன்னால் விரித்து வைத்துக் கேட்டது இது. ஈசிஜி தாள், அதாவது இதயத்தின் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் தாள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு லயத்தை விட்டு ஊருக்குள் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறார். வழக்கமான பரிசோதனையில் ஈசிஜி எடுத்திருக்கிறார்கள். தாளின் மேல் மூலையில் இயந்திரமே ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்திருந்தது. தமிழில் சொன்னால், 'இடப்பக்க அச்சு விலகல்'. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒன்னும் இல்ல, அடுத்த தடவை மறுபடி பார்ப்போம்" என்றாராம். மகளுக்கு மனசு ஆறவில்லை. இரவெல்லாம் கைப்பேசியில் தேடியிருக்கிறார். தேடத் தேட பயம்தான் கூடியிருக்கிறது.

நெஞ்சு எங்கேயும் சாயவில்லை. இதயம் மார்புக்குள் எந்த இடத்தில் கிடக்கிறது என்று அந்த வரி சொல்லவில்லை. இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் மொத்தத்தில் எந்தப் பக்கம் பார்த்துப் பாய்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கடைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அதைக் காட்டித்தான் அந்தத் தங்கச்சிக்கு விளக்கினேன். 24 வருடமாகத் தாதி வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பயிற்சித் தாதிகளுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். அச்சு பற்றிய அட்டவணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள், மறுமாதம் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு தடவை புரிந்துகொண்டால் மனப்பாடமே தேவைப்படாது.

எந்தப் பக்கம் கூட்டம் போகிறது?

இதயத்தின் வலது மேலறையில் மேல்பக்கமாக சைனஸ் முடிச்சு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் இன்னொரு முடிச்சில் கண நேரம் தாமதித்து, அங்கிருந்து ஹிஸ் கற்றை என்ற கம்பி வழியாகக் கீழே இறங்குகிறது. அந்தக் கம்பி வலக்கிளை, இடக்கிளை என்று பிரிகிறது. இடக்கிளை மறுபடியும் முன்கிளை, பின்கிளை என்று இரண்டாகப் பிரிகிறது. இந்த இரண்டாவது பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

கீழறைகளுக்குள் வந்த மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்துக்குள் வலது சுவர், இடது சுவர், நடுச்சுவர் என்று எல்லாப் பக்கமும் சிதறிப் பாய்கிறது. அப்புறம் எப்படி ஒரே ஒரு திசையைச் சொல்ல முடியும்?

அந்தக் காலத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு முடித்ததும் நாலு பேர் தவரணைக்குப் போவார்கள், பத்துப் பேர் ஸ்டோர் பக்கம் போவார்கள், எண்பது பேர் மேட்டுக்காட்டுக்கு ஏறுவார்கள். 'ஆள் எல்லாம் எந்தப் பக்கம் போச்சு?' என்று யாராவது கேட்டால் 'மேட்டுக்காட்டுக்கு' என்றுதான் சொல்லுவோம். ஸ்டோருக்குப் போனவர்களை மறந்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சும் திசை அதுதான்.

இதயத்தில் அந்த எண்பது பேர் இடது கீழறை. உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதான் என்பதால் அதன் சுவர் வலது கீழறையின் சுவரைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பு. அதோடு, இதயத்தின் நுனி கீழேயும் இடப்பக்கமும் பார்த்துத்தான் கிடக்கிறது. ஆகவே ஆரோக்கியமான ஒருவருக்குக் கூட்டிக் கழித்து வரும் அம்பு இடமும் கீழுமாகக் காட்டும். அந்த அம்பின் பெயர்தான் மின் அச்சு. ஈசிஜியில் கீழறைகளின் வேலையைக் காட்டும் கூரான அலைக்கு க்யூஆர்எஸ் என்று பெயர். அச்சைக் கணக்குப் பார்ப்பது அந்த அலையை வைத்துத்தான்.

கடிகாரத்தை நெஞ்சில் மாட்டுவோம்

நோயாளி உங்களைப் பார்த்தபடி நிற்கிறார், அவர் நெஞ்சில் ஒரு சுவர்க் கடிகாரம் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடது கை உங்களுக்கு வலப்பக்கம், அதாவது மணி 3 பக்கம். அந்த 3 மணிதான் பூஜ்ஜியம் டிகிரி. அங்கிருந்து கடிகார முள் போகும் வழியே ஒவ்வொரு மணிக்கும் 30 டிகிரி கூட்டிக்கொண்டே போங்கள்: 4 மணி 30, 5 மணி 60, 6 மணி 90, 9 மணி 180. மூன்றிலிருந்து எதிர்த்திசையில் மேலே ஏறினால் கழித்தல் கணக்கு: 2 மணி மைனஸ் 30, 12 மணி மைனஸ் 90.

தமிழ்ப்பள்ளியில் பாகைமானி வைத்துப் படித்தவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் மேலே போனால் கூட்டல். இங்கே கீழே போனால்தான் கூட்டல். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பெரியவர்களுக்கு அச்சு 2 மணியிலிருந்து 6 மணிக்குள் இருந்தால், அதாவது மைனஸ் 30-இலிருந்து 90 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. 2-ஐத் தாண்டி 12 வரை மேலேறினால் இடப்பக்க விலகல். 6-ஐத் தாண்டி 9 வரை போனால் வலப்பக்க விலகல். 9-க்கும் 12-க்கும் நடுவில் விழுந்தால் அதீத விலகல், இது அபூர்வம்.

ரதத்தைப் பார்க்கும் ஆறு பேர்

சரி, அந்த அம்பைக் கண்ணால் பார்க்க முடியாதே? அதற்குத்தான் லீட்கள். ஒரு லீட் என்பது ஒரு இடத்தில் நின்று மின்சாரத்தைப் பார்க்கும் ஒரு ஆள்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ரதம் லயத்து வழியே வருகிறது. ரதம் போய்ச் சேரப்போகும் முனையில் நிற்பவருக்கு அது தன்னை நோக்கி வந்துகொண்டே இருக்கும். புறப்பட்ட இடத்தில் நிற்பவருக்கு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். பாதையின் நடுவில், பக்கவாட்டில் வீட்டு வாசலில் தட்டோடு நிற்பவருக்குப் பாதி நேரம் தன்னை நோக்கி வரும், பாதி நேரம் தன்னை விட்டுப் போகும். ஒரே ரதம்தான். நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்று பேருக்கும் மூன்று காட்சி.

லீட்டும் அப்படித்தான். மின்சாரம் தன்னை நோக்கி வந்தால் தாளில் கோடு மேலே எழும். விலகிப் போனால் கீழே இறங்கும். குறுக்கே கடந்து போனால் மேலே கொஞ்சம், கீழே அதே அளவு கொஞ்சம். ஈசிஜி முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

கைகால்களில் மாட்டும் வயர்களிலிருந்து ஆறு லீட்கள் கிடைக்கின்றன. கடிகாரத்தில் அவர்கள் நிற்கும் இடம் இப்படி: லீட் 1 மூன்று மணியில். லீட் 2 ஐந்து மணியில். லீட் 3 ஏழு மணியில். ஏவிஎஃப் நேர் கீழே ஆறு மணியில், காலடியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது. ஏவிஎல் இரண்டு மணியில், இடது தோள் பக்கம். ஏவிஆர் பத்து மணியில், வலது தோள் பக்கம். நெஞ்சின் மேல் ஒட்டும் மற்ற ஆறும் முன்னும் பின்னுமான இன்னொரு தளத்தைப் பார்ப்பவை. இந்தக் கணக்குக்கு அவை வேண்டாம்.

முதல் மூன்று லீட்களை நமக்குத் தந்தவர் வில்லெம் ஐந்தோவன். டச்சு நாட்டு விஞ்ஞானி என்றுதான் புத்தகங்களில் இருக்கும். ஆனால் அவர் பிறந்தது 1860-இல், நமக்கு ஒரு கடல் தள்ளி இருக்கும் ஜாவாவின் செமாராங் நகரத்தில். அப்பா அங்கே மருத்துவர். அப்பா இறந்த பிறகு, பத்து வயது வாக்கில் குடும்பத்தோடு நெதர்லாந்து போனார். அவர் கட்டிய இயந்திரம் ஏறக்குறைய 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணீர் பானைகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்று நாம் கிளிப் மாட்டும் அதே இடங்கள்தான். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் மூன்றையும் 1942-இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் சேர்த்தார். இன்று ஒரு கையில் தூக்கிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கே கொண்டுபோகிற இயந்திரத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பானைகள் நினைவுக்கு வரும்.

இரண்டு லீட், தேவைப்பட்டால் மூன்றாவது

இப்போது தாளைக் கையில் எடுப்போம். அதில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். வழக்கமான அமைப்பில் பத்துச் சின்னக் கட்டம் உயரம் ஒரு மில்லிவோல்ட். க்யூஆர்எஸ் அலை நடுக்கோட்டுக்கு மேலே எத்தனை கட்டம் எழுகிறது, கீழே எத்தனை கட்டம் இறங்குகிறது என்று எண்ணுங்கள். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழியுங்கள். மிச்சம்தான் அந்த லீட்டின் கணக்கு. மேலே 9, கீழே 3 என்றால் கூட்டல் 6. கீழ்ப்பக்கம் பெரிதென்றால் கழித்தல்.

முதலில் லீட் 1. அது மூன்று மணியில் நிற்பவர். கூட்டல் என்றால் மின்சாரம் கடிகாரத்தின் உங்கள் வலப்பாதிக்குள் போகிறது. கழித்தல் என்றால் இடப்பாதிக்குள்.

அடுத்து ஏவிஎஃப். அது ஆறு மணியில் நிற்பவர். கூட்டல் என்றால் கீழ்ப்பாதி, கழித்தல் என்றால் மேல்பாதி.

அவ்வளவுதான். இரண்டும் கூட்டல் என்றால் அச்சு 3-க்கும் 6-க்கும் நடுவில், இயல்பு. நாம் பார்க்கும் தாள்களில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும். லீட் 1 கழித்தல், ஏவிஎஃப் கூட்டல் என்றால் 6-க்கும் 9-க்கும் நடுவில், வலப்பக்க விலகல். இரண்டுமே கழித்தல் என்றால் 9-க்கும் 12-க்கும் நடுவில். வேறு எதையும் நினைப்பதற்கு முன்னால் வயரைச் சரிபாருங்கள்.

மிச்சம் இருப்பது லீட் 1 கூட்டல், ஏவிஎஃப் கழித்தல். இங்கேதான் அவசரப்படக் கூடாது. அச்சு 12-க்கும் 3-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஆனால் 2-இலிருந்து 3 வரை உள்ள துண்டு இயல்பைச் சேர்ந்தது. எந்தத் துண்டு என்று யாரைக் கேட்பது? லீட் 2-ஐ. ஏன் குறிப்பாக அது? அது நிற்பது ஐந்து மணியில். ஒருவருக்குக் குறுக்கே போகும் திசை என்பது அவரிடமிருந்து மூன்று மணி தள்ளி. ஐந்திலிருந்து மூன்று மணி பின்னால் எண்ணினால் இரண்டு மணி. நமக்கு வேண்டிய எல்லையும் அதே இரண்டு மணிதான்! அச்சு இரண்டு மணிக்குக் கீழே இருந்தால் லீட் 2 மேலே எழும், இரண்டு மணியைத் தாண்டி மேலேறியிருந்தால் லீட் 2 கீழே இறங்கும். லீட் 2 கூட்டலாக இருக்கும் தாளை 'இடப்பக்க விலகல்' என்று எழுதிவிடுவது பயிற்சித் தாதிகள் செய்யும் வழக்கமான தவறு. லீட் 1 கூட்டல் 8, ஏவிஎஃப் கழித்தல் 2, லீட் 2 கூட்டல் 2 என்று ஒரு தாள் வந்தால், அது மைனஸ் 16 டிகிரி வாக்கில் வரும். முழுக்க இயல்பு.

அந்த அம்மாவின் தாளை இப்படித்தான் கடை மேசையில் வைத்து எண்ணினோம். லீட் 1 கூட்டல் 8. ஏவிஎஃப் கழித்தல் 6. தங்கச்சி விரல் வைத்து லீட் 2-ஐ அவரே எண்ணினார்: மேலே 5, கீழே 7. கழித்தல் 2. ஆக இது உண்மையான இடப்பக்க விலகல்தான், இயந்திரம் தப்பாகச் சொல்லவில்லை.

எத்தனை டிகிரி என்றும் கணிப்பாகச் சொல்லலாம். ஆறு லீட்களில் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக இருப்பதைத் தேடுங்கள். ரதம் குறுக்கே போவதைப் பார்ப்பவர் அவர்தான். அச்சு அவருக்கு மூன்று மணி தள்ளி, முன்னால் அல்லது பின்னால் இருக்கும். அந்த அம்மாவின் தாளில் சமத்துக்கு மிக அருகில் இருந்தது லீட் 2. ஐந்துக்கு மூன்று மணி தள்ளி என்றால் 2 அல்லது 8. லீட் 1 கூட்டலாக இருப்பதால் 8 இருக்க முடியாது, ஆகவே 2. ஆனால் லீட் 2 சரியாகப் பூஜ்ஜியம் இல்லை, கொஞ்சம் கழித்தல். அதாவது மின்சாரம் அவரைவிட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறது. ஆகவே 2-ஐத் தாண்டி 1-ஐ நோக்கிக் கொஞ்சம்: மைனஸ் 30-க்கும் மைனஸ் 45-க்கும் நடுவில் எங்கோ.

இன்னும் துல்லியம் வேண்டும் என்பவர்கள் கட்டத்தாளில் லீட் 1-ஐ வலப்பக்கமும் ஏவிஎஃப்-ஐ மேலும் கீழுமாகவும் குறித்துக் கோடு போட்டு, கோணத்தை அளக்கலாம். அப்படிச் செய்யும்போது ஏவிஎஃப்-ஐ 1.15 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் மூன்று லீட்களின் அளவுகோல் மற்ற மூன்றைவிடக் கொஞ்சம் சிறியது. வலப்பக்கம் எட்டு, மேல்பக்கம் ஏறக்குறைய ஏழு; கோணம் மைனஸ் 41. தாளின் மூலையில் பி-ஆர்-டி என்று போட்டு மூன்று எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். நடு எண்தான் நாம் பேசும் அச்சு. தங்கச்சி தாளைத் திருப்பிப் பார்த்தார். அதே மைனஸ் 41. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு தெரிந்தது.

ஏன் இடப்பக்கம் போகிறது?

அச்சு ஒரு நோயின் பெயர் இல்லை. கைகாட்டி மரம் மாதிரி ஒரு அடையாளம். காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இடக்கிளை இரண்டாகப் பிரிகிறது என்றேன் அல்லவா? அதில் முன்கிளை மெல்லியது, எளிதில் பழுதாகும். முன்கிளையில் அடைப்பு வந்தால் என்ன ஆகும்? செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு மேட்டுக்குப் போக இரண்டு செம்மண் பாதை இருந்து, மழையில் நேர்ப்பாதை சரிந்துவிட்டால், லோரி கீழ்ப்பாதையில் இறங்கி, சுற்றிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். வேலை நிற்காது. ஆனால் கடைசியில் லோரிகள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறுவதாகத்தான் தெரியும். இதயத்திலும் மின்சாரம் பின்கிளை வழியாகக் கீழே இறங்கி, அங்கிருந்து இடமும் மேலுமாகப் பரவும். அச்சு மேலே ஏறிவிடும், பெரும்பாலும் மைனஸ் 45-ஐயும் தாண்டி. வயதானவர்களில் இது அடிக்கடி பார்ப்பதுதான். வேறு கோளாறு இல்லாவிட்டால் பல பேர் இதோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தை நம் மக்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இதயத்தின் கீழ்ச்சுவரில் எப்போதோ மாரடைப்பு வந்து அந்தத் தசை செத்துப் போயிருந்தால், கீழ்நோக்கிப் போகும் மின்சாரம் குறைந்துவிடும். மேல்நோக்கிப் போவது ஓங்கி நிற்கும். அச்சு இடப்பக்கமாக மேலேறும். இனிப்பு நீர் இருப்பவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல்கூட வந்து போகலாம். 'அன்னிக்கு ஒரு மாதிரி வேர்த்துச்சு, காத்துன்னு நெனச்சேன்' என்று பிறகு சொல்லும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இடப்பக்க விலகலைப் பார்த்ததும் டாக்டர் கண் உடனே லீட் 2, லீட் 3, ஏவிஎஃப் மூன்றிலும் க்யூ அலை, அதாவது க்யூஆர்எஸ்-இன் தொடக்கத்தில் வரும் இறக்கம், ஆழமாக விழுந்திருக்கிறதா என்று போகும்.

நீண்ட நாள் இரத்தக் கொதிப்பால் இடது கீழறை தடித்துப் போனாலும் அச்சு இடப்பக்கம் நகரலாம். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் வயிறு பெருத்தவர்களுக்கும் உதரவிதானம் மேலே தள்ளி இதயம் படுத்த மாதிரி இருப்பதால் அச்சு கொஞ்சம் இடப்பக்கம் போகும், பெரும்பாலும் இயல்பு எல்லைக்குள்ளேயே.

வலப்பக்க விலகல்

பிறந்த குழந்தைக்கு இதுதான் இயல்பு. வயிற்றில் இருந்தவரை வலது கீழறைதான் அதிகம் உழைத்தது. வளர வளர அச்சு இடப்பக்கம் வந்துவிடும். ஒல்லியாக உயரமாக இருக்கும் இளைஞர்களுக்கும் இதயம் நெட்டுக்குத்தாகத் தொங்குவதால் அச்சு 90-ஐ ஒட்டியோ சற்றுத் தாண்டியோ இருக்கலாம்.

மற்றவர்களுக்கு வலது கீழறை சிரமப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பல வருடம் புகைபிடித்து நுரையீரல் கெட்டுப் போனவர்களுக்கு அந்த நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது கீழறை தடித்துவிடும். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தாலும் அச்சு திடீரென்று வலப்பக்கம் திரும்பலாம். முன்பு இயல்பாக இருந்தவருக்குத் திடீர் மூச்சுத்திணறலோடு அச்சு வலப்பக்கம் போயிருந்தால் அது அவசரம்.

வயர் மாறினால்

இதை நான் என் தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். லோரி ஓட்டும் பெரியவர் ஒருவருக்கு ஈசிஜி எடுத்தேன். தாளில் வலப்பக்க விலகல் என்று வந்தது. நுரையீரலில் கட்டி அடைத்திருக்குமோ என்று பேச்சு தொடங்கிவிட்டது. அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து மூத்த டிரஸ்ஸர் ஐயா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஏவிஆர் ஏன் மேல நிக்குது?"

ஏவிஆர் நிற்பது பத்து மணியில். மின்சாரம் சாதாரணமாகப் போவது நான்கு ஐந்து மணிப் பக்கம். ஆகவே ஏவிஆர் எப்போதும் கீழே இறங்கித்தான் இருக்க வேண்டும். அது மேலே நின்றால், லீட் 1-இல் எல்லா அலையும் சேர்ந்து தலைகீழாகக் கிடந்தால், முதல் சந்தேகம் வலது கை வயரும் இடது கை வயரும் மாறிவிட்டன என்பதுதான். நான் மாற்றித்தான் மாட்டியிருந்தேன். வயர் மாறும்போது கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் ஆகிவிடும்: நாலரை மணியில் இருந்த அச்சு ஏழரை மணிக்குப் போய்விடும். சரியாக மாட்டி மறுபடி எடுத்தோம். அச்சு 44. அந்தப் பெரியவருடைய மனைவியின் அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் வேலை செய்த இடங்களில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க முறை இயந்திரங்களில் நிறம் வேறு: வெள்ளை வலது கை, கறுப்பு இடது கை. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் வயரில் உள்ள எழுத்தையும் படியுங்கள். கைகால் கிளிப்பைச் சட்டை கழற்றச் சோம்பல்பட்டுத் தோளிலும் இடுப்பிலும் ஒட்டாதீர்கள், அதனாலும் அச்சு நகரும். எடுத்து முடித்ததும் இன்னொரு எளிய சோதனை: லீட் 1-இன் கணக்கையும் லீட் 3-இன் கணக்கையும் கூட்டினால் லீட் 2 வர வேண்டும். அந்தப் பெரியவரின் சரியான தாளில் லீட் 1 ஆறு, லீட் 3 இரண்டு, லீட் 2 எட்டு. இது ஐந்தோவன் சொன்ன விதி. வயர் மாறியதை இந்தக் கூட்டல் பிடிக்காது, ஆனால் நீங்கள் எண்ணியது சரிதானா என்று சொல்லிவிடும்.

வயர் சரியாக இருந்தும் ஏவிஆர் மேலே நின்றால், இதயமே வலப்பக்கம் இருக்கும் அபூர்வமானவராக இருக்கலாம். அவருக்கு நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி6 வரை அலை வளராமல் சுருங்கிக்கொண்டே போகும். வயர் மாறியவருக்கு அங்கே எந்த மாற்றமும் இருக்காது.

ஒன்றை மட்டும் தங்கச்சியிடம் அழுத்திச் சொன்னேன். அச்சு இயல்பாக இருக்கிறது என்பதால் இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று ஆகாது. நடு மாரடைப்பில் இருப்பவருக்கும் அச்சு ஒழுங்காக இருக்கலாம். அம்மாவுக்கு நெஞ்சில் பாரமோ, கை தாடை வலியோ, காரணம் இல்லாமல் வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்தால் தாளை எடுத்து எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. 999-ஐக் கூப்பிட வேண்டும்.

அப்புறம், பழைய ஈசிஜி ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். பல வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் அச்சும், போன மாதம் புதிதாக நகர்ந்த அச்சும் டாக்டருக்கு ஒன்றல்ல. ஒரு வாரம் கழித்து ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே பழைய மருந்துச் சீட்டுகள், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், அவற்றுக்கு நடுவில் 2017 என்று தேதி போட்ட ஒரு ஈசிஜி. சூட்டில் அச்சாகும் தாள் அது. வெயிலும் வெப்பமும் பட்டால் எழுத்து மங்கிவிடும். பாதி மங்கித்தான் இருந்தது. ஆனாலும் லீட் 1-உம் ஏவிஎஃப்-உம் தெரிந்தன. கூட்டல் 9, கழித்தல் 6. மூலையில் மைனஸ் 38.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர்கள் டாக்டரிடம் போனார்கள். கீழ்ச்சுவர் லீட்களில் ஆழமான க்யூ அலை இல்லை, இத்தனை வருடத்தில் பெரிய மாற்றமும் இல்லை என்று பார்த்துச் சொல்லி, இரத்தக் கொதிப்பை இன்னும் கட்டுக்குள் கொண்டுவர மருந்தை மாற்றிக் கொடுத்தாராம். நான் தங்கச்சியை இரண்டு தாளையும் போட்டோஸ்டேட் எடுத்து, பின்பக்கம் தேதி எழுதி, அதே டின்னில் வைக்கச் சொன்னேன்.